ஆறாம் வகுப்பு அறிவியல்: புத்தகத்தைத் திறக்குறதுக்கு முன்னாடி எங்கே தொடங்குறது? (டெல்டா பக்கத்து ஆசிரியர்கள் சொல்லுங்க)

குடமுருட்டி | திருவையாறு பக்கம் | ஜூன் 8, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை வருஷமா ஒன்பதாவதும் பத்தாவதும்தான் எடுத்துட்டு இருந்தேன். இந்த வருஷம் கால அட்டவணையில ஆறாவது 'ஆ' பிரிவு அறிவியலும் என் பேருக்கு நேரா இருக்கு. பத்தாவதுக்குப் பொதுத்தேர்வு உண்டு, எதை எப்போ முடிக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். ஆறாவதுக்கு என்ன பண்றதுன்னு கை ஓடல.

பிள்ளைங்க நாலஞ்சு ஊர்த் தொடக்கப் பள்ளியிலேர்ந்து வந்து சேர்ந்தவங்க. அஞ்சாவது வரைக்கும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். இங்கே மணி அடிச்சா ஆள் மாறுது. வந்ததிலேர்ந்து "மிஸ், சிவப்புப் பேனாவா நீலப் பேனாவா", "மிஸ், ஒரு பக்கம் விடணுமா" இதைத் தவிர ஒரு கேள்வி வரல.

முதல் பருவத்துல முதல் பாடம் அளவீடுகள். அடுத்து விசையும் இயக்கமும், அதுக்கப்புறம் பருப்பொருள்கள். வரையறை, எஸ்.ஐ. அலகு, அட்டவணைன்னு ஆரம்பிச்சா முதல் நாளே கண்ணு சொருகிடும். ஆய்வகம்னு ஒரு அறை இருக்கு, பத்தாவது செய்முறைத் தேர்வு அன்னிக்குத்தான் பூட்டு திறக்கும். வானவில் மன்றக் கருத்தாளர் (அரசுப் பள்ளிகளுக்கு வந்து அறிவியல் சோதனை செய்துகாட்டுறவங்க) வந்தா நல்லாத்தான் செய்துகாட்டுறாங்க, ஆனா அவங்க போனப்புறம் மீதி நாள் என் பாடுதானே. செலவில்லாம, நம்ம ஊர்ல கிடைக்கிறதை வச்சு நீங்க செய்தது எதுவானாலும் எழுதுங்க.

வெண்ணாற்றங்கரை | நீடாமங்கலம், ஓய்வு பெற்றவன் | ஜூன் 8, இரவு 10:02

டீச்சர், பேனா நிறத்தைக் கேட்கிற பிள்ளை புது இடத்தில் விதி என்னவென்று துழாவுகிறது. நீங்கள் முதலில் எந்த விதியை வைக்கிறீர்களோ அதுதான் வருஷம் முழுக்க ஓடும். நான் ஆறாவது எடுத்தவரைக்கும் வைத்த விதி ஒன்றே ஒன்று. எதையும் செய்து பார்ப்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும், பேனாவால். எழுதியதை அழிக்கக் கூடாது. நினைத்தது தப்பாகப் போனால் மதிப்பெண் குறையாது, அழித்தால் குறையும்.

குறுவைக்கு விதை நெல் ஊறப்போடுகிற நேரம் இது. ஒரு கைப்பிடி விதை நெல், ஒரு கைப்பிடி அவித்துக் காயவைத்த நெல், ஒரு கைப்பிடி பச்சரிசி. மூன்றையும் தனித்தனித் துணியில் முடிந்து ஒரு நாள் தண்ணீரில் கிடக்க விடுங்கள். மறுநாள் வடித்து ஈரச் சாக்கில் சுருட்டி இன்னொரு நாள். எது முளைக்கும்? முன்கூட்டியே கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கையைப் போட்டுவிடுங்கள்.

விதை நெல்லுக்கு எல்லாரும் கை தூக்குவார்கள். அவித்த நெல்லுக்கு வகுப்பு இரண்டாகும். பச்சரிசிக்குத்தான் வேடிக்கை. "உமிதானே இல்ல, உள்ள இருக்கிறது அரிசிதானே, அதுதானே முளைக்கணும்" என்று யாராவது ஒருத்தர் எழுந்து நிற்கும். நல்ல வாதம், அமுக்கிவிடாதீர்கள். மூட்டையைப் பிரித்த பிறகு ஒரு பச்சரிசியை லென்ஸுக்கு அடியில் வையுங்கள். ஒரு முனையில் மூலை உடைந்தாற்போல் சின்னப் பள்ளம் தெரியும். முளைக்கரு இருந்த இடம் அது, மில்லில் தீட்டும்போது தவிட்டோடு போய்விட்டது. உமியோடு இருக்கிற நெல்லை உரித்து அதே முனையைக் காட்டுங்கள், கரு உட்கார்ந்திருக்கும். இவ்வளவுக்கும் நீங்கள் ஒரு சொல்லும் விளக்கம் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

ஒரு_அப்பா | தஞ்சாவூர் | ஜூன் 9, காலை 6:48

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். என் மகளும் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. சொல்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். நெல் முளைப்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இதற்கு மூன்று நாள் போனால் பாடம் எப்போது முடியும்? பருவத் தேர்வு வினாத்தாளில் "அலகு என்றால் என்ன" என்றுதான் வரும். பச்சரிசி ஏன் முளைக்கவில்லை என்று வராது. நகரத்துப் பள்ளிகளில் இதே வயதில் அடிப்படைப் பயிற்சி வகுப்பே தொடங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகளை மட்டும் நெல்லிலும் சேற்றிலும் நிறுத்தி வைப்பது நியாயமா என்று யோசியுங்கள்.

மா_குழி_வேலி | பாபநாசம் | ஜூன் 9, காலை 8:30

அளவீடுகள் பாடத்துக்கு நம்ம ஊரைவிட வசதியான ஊர் ஏதுங்க? 12 அடிக் கோல் ஒன்னு வெட்டிட்டு வாங்க, மூங்கில் போதும். கோலுக்குக் கோல் 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. வகுப்பறை எத்தனை குழி, மைதானம் எத்தனை மான்னு பிள்ளைங்களே அளக்கட்டும். அப்புறம் மீட்டர் டேப்பைக் கொடுங்க. கோல் 3.66 மீட்டர் சுமாருக்கு வரும்.

இப்போ முக்கியமான விஷயம். வீட்டுல தாத்தாவைக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க, மூணு மா ஒரு ஏக்கர்னுதான் சொல்லுவார். எங்க அப்பாவும் அப்படித்தான். மூணு மான்னா 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560. 360 சதுர அடி இடிக்குது, அதாவது ரெண்டரைக் குழி. தாத்தா சொன்னது தப்பா சரியான்னு வகுப்புல விடுங்க. நாத்து எத்தனை கட்டு வேணும்னு கணக்குப் போட அது போதும், பத்திரம் எழுதப் போதாது. எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேணும்ங்கிறது இதுல வந்துடும். பரப்பளவு ஏழாவதுலதான் பாடமா வருதுன்னு தெரியும், கணக்கு வகுப்போட சேர்த்துக்குங்க.

மரக்கால் கிடைச்சா இன்னும் நல்லது. ரெண்டு வேற வேற ஊர் வீட்டுலேர்ந்து பழைய மரக்காலைக் கொண்டு வரச் சொல்லி, ஒன்னுல தலை தட்டி அளந்த நெல்லை இன்னொன்னுல கொட்டுங்க. வழியும், இல்ல குறையும். 12 மரக்கால் ஒரு கலம்னு ரெண்டு ஊரும் சொல்லும், கலம் மட்டும் ஒன்னா இருக்காது. எஸ்.ஐ. அலகு எதுக்குன்னு அதுக்கு மேல பிரசங்கம் பண்ண வேண்டியதில்ல.

ஒரு_அப்பா சாருக்கு: அலகு என்றால் என்னன்னு இந்தப் பிள்ளைங்களைக் கேட்டா பதில் எழுதாதுங்களா என்ன?

நடவுப்பொண்ணு | மன்னார்குடி பக்கம், பட்டதாரி ஆசிரியர் | ஜூன் 9, மாலை 5:15

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும். எங்க அம்மா நடவாள். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு சார் வந்து "உங்க வயல்ல என்ன ரகம் போட்டிருக்கு, சொல்லு பார்ப்போம்"னு வரிசையாக் கேட்டார். பாதி வகுப்பு எழுந்து நின்னு சொல்லிச்சு. மீதிப் பாதி தலையைக் குனிஞ்சுட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நல்ல மனுஷன், பாடத்தை ஊரோட சேர்த்து நடத்தணும்னுதான் கேட்டார். எங்களுக்கு அந்தப் பாடம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு.

டெல்டாவுல வயலைப் பத்திப் பேசினா நிலம் யாருதுங்கிற பேச்சு பின்னாலேயே வந்துடும். அதனால என் வகுப்புல "உங்க வயல்"ங்கிற வார்த்தையே கிடையாது. "யார் பார்த்திருக்கீங்க", "யார் கையால செய்திருக்கீங்க" அவ்வளவுதான் கேட்பேன். அப்படிக் கேட்டா நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை முழிக்கும், ஆளு வீட்டுப் பிள்ளை பேசும். நாத்துக் கட்டு கரையில கிடந்தா ஏன் உள்ள சூடாகுது, களை பறிக்கும்போது எது வேரோட வரும் எது அறுந்து வரும், சேத்துல காலை வச்சு எடுத்தா ஏன் சப்புன்னு உறிஞ்சுது, இதெல்லாம் எங்க பிள்ளைங்களுக்கு அத்துப்படி.

அதுக்காக எப்பவும் வயலே வேண்டாம். எங்க அம்மா வெயில்ல குனிஞ்சது நான் அந்த வயலை விட்டு வெளியே வரத்தான். பல்பு, காந்தம், நுண்ணோக்கி இதெல்லாமும் அந்தப் பிள்ளைங்க கைக்கு வரணும். ஒரு_அப்பா சார் சொன்னதுல எனக்குப் பாதி உடன்பாடு, அவர் சொன்ன காரணத்துக்காக இல்ல.

கடைமடை | வேதாரண்யம் | ஜூன் 9, இரவு 8:40

நீங்கள்லாம் குறுவை, விதை நெல்னு பேசுறதைக் கேட்டா வயித்தெரிச்சலா இருக்குங்க. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, மூணு நாலு நாள்ல கல்லணைன்னு பேப்பர்ல பூத்தூவுற படம் போடுவான். எங்க வாய்க்கால்ல அந்தத் தண்ணி தலை காட்டுறதுக்குள்ள முதல் இடைப்பருவத் தேர்வு முடிஞ்சிரும். எங்களுக்குச் சம்பா ஒன்னுதான், அதுவும் மழையை நம்பி.

ஆனா தண்ணி வந்தா ஒரு வேலை பண்ணுவேன். புதுத் தண்ணியைப் பிள்ளைங்களை விட்டு மூணு கண்ணாடி பாட்டில்ல பிடிக்கச் சொல்லுவேன், மூணும் ஒரே கலங்கல். ஒன்னை அப்படியே விடுறது. ஒன்னுல படிகாரத்தை ரெண்டு சுத்து கலக்கி விடுறது. ஒன்னுல தேத்தான்கொட்டையை உரைச்சு விடுறது. எது முதல்ல தெளியும்னு முன்னாடியே எழுதிடணும் (வெண்ணாத்து ஐயா விதி நம்ம வீட்டுலயும் உண்டு). மணல் நாம பேசிட்டு இருக்கும்போதே அடியில உட்கார்ந்துரும். களிமண் தூள் இருக்கே, சும்மா விட்ட பாட்டில்ல மறுநாளும் மிதந்துட்டு இருக்கும். அடியில படிஞ்சதைப் பாட்டிலை அசைக்காம வெளியிலேர்ந்து பார்த்தா பட்டை பட்டையா இருக்கும், கீழே பரபரன்னு, மேலே வழவழன்னு. இந்தக் காவிரி மண்ணு முழுக்க அப்படிப் படிஞ்சதுதாண்டான்னு அப்போ சொல்லிக்கலாம். பருப்பொருள் பாடத்துல படியவைத்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டுதல் மூணும் இதுல முடிஞ்சிடும். ஆவியாக்குறதுக்கு எங்க ஊர் உப்பளம் இருக்கு, 1930-ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊரு, சும்மாவா.

இன்னொன்னு. புத்தகத்துல தூற்றுதல்னு வருது. நம்ம வயசுக்காரங்க களத்துல முறத்தைத் தூக்கிப் பிடிச்சுத் தூத்துறதைப் பார்த்தவங்க. இப்போ உள்ள பிள்ளை எங்கே பார்த்துச்சு? அறுவடை மெஷின் வயல்ல இறங்குது, நெல்லு ஒரு பக்கம் வைக்கோல் ஒரு பக்கம், பதரை உள்ளேயே ஃபேன் ஊதித் தள்ளிடுது. நாமதான் நம்ம சின்ன வயசு கிராமத்தைப் பாடம் எடுத்துட்டு இருக்கோம். கொள்முதல் நிலையத்துல இருக்கிற தூத்துற மெஷினைக் காட்டுங்க, அதுதான் இவங்க பார்த்தது.

மட்டுறுத்துநர் | ஜூன் 9, இரவு 9:00

மேட்டூர் திறப்பு, கர்நாடகா பற்றிய பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வகுப்பறை மட்டும்.

குடமுருட்டி | ஜூன் 13, இரவு 9:35

எல்லாருக்கும் நன்றி. நடவுப்பொண்ணு டீச்சர், நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் நான் போட்டு வச்சிருந்த கேள்வியை மாத்திட்டேன்.

கோல் வேலை நடந்துச்சு. வகுப்பறை அஞ்சு குழிக்குக் கொஞ்சம் குறைவு. "கொஞ்சம்னா எவ்வளவு"ன்னு ஒரு பையன் கேட்டான் பாருங்க, அங்கேயே கோலைப் பாதியா, காலா பிரிக்க வேண்டி வந்துச்சு. சென்டிமீட்டரை நான் சொல்லித் தரல, அவங்க கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இடமாறு தோற்றப்பிழையையும் கோல் நுனியிலேயே காட்டிட்டேன், குனிஞ்சு பார்க்கிறவனுக்கு ஒரு அளவு, நின்னு பார்க்கிறவனுக்கு ஒரு அளவு.

மூணு பொட்டலமும் ஆச்சு. விதை நெல்லு மட்டும் வெள்ளையா மூக்கு நீட்டியிருந்துச்சு. பச்சரிசி புளிச்ச வாடை. அவிச்ச நெல்லு முளைக்கும்னு எழுதின ஒரு பொண்ணு "இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பார்க்கலாம் மிஸ்"னு விடாம நிக்கிறா, வச்சிருக்கேன்.

சிக்கல் வேற இடத்துல. தூற்றுதல் பத்திப் பேச்சு வந்தப்போ, பதர் ஏன் தள்ளி விழுதுன்னு கேட்டேன். "கனமானது சீக்கிரம் விழும், லேசானது மெதுவா விழும் மிஸ்"னு வகுப்பே ஒரே குரல்ல. அடுத்தது விசையும் இயக்கமும். இதை இப்படியே விட்டா ஒன்பதாவது வரைக்கும் கூடவே வரும்னு எனக்கு நல்லாத் தெரியும், அங்கே நான்தானே அதைப் பிடுங்கிட்டு இருந்தேன். எப்படிப் போறது?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 13, இரவு 10:20

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உள்ளூர் உதாரணம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி இப்படித்தான், பிள்ளை ஏற்கெனவே தப்பாக நினைப்பதை நாமே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவோம்.

காற்றே அடிக்காத நாளில் முறத்திலிருந்து கொட்டினால் நெல்லும் பதரும் கிட்டத்தட்ட ஒரே குவியலாகத்தான் விழும். தூற்றுகிறவர் அதனால்தான் காற்றுக்குக் காத்திருப்பார். பிரிக்கிறது காற்று. அதை வகுப்பிலேயே காட்டலாம். மேசை விசிறி ஒன்று, தரையில் செய்தித்தாள் விரித்துச் சாண் இடைவெளிக்குக் கோடு. முதலில் விசிறி இல்லாமல் மேசை உயரத்திலிருந்து ஒரு கைப்பிடியைச் சீராகக் கொட்டுங்கள். பிறகு விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கொட்டுங்கள். முற்றிய நெல் பக்கத்தில், கருக்காய் (அரைகுறையாக மணி பிடித்த நெல்) கொஞ்சம் தள்ளி, பதர் கடைசிக் கோட்டுக்கு அப்பால். ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் போனது என்று அளந்து எழுதட்டும், போன பாடத்து அளவுகோலுக்கும் வேலை கிடைக்கும். வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான், காற்று தள்ளுவதும் ஒன்றுதான், எடை குறைந்தது அதிக தூரம் போகிறது.

அடுத்து அதே நோட்டில் ஒரே அளவில் இரண்டு தாள் கிழித்து, ஒன்றைக் கசக்கி உருட்டி, இரண்டையும் ஒன்றாக விடச் சொல்லுங்கள். எடை ஒன்றே, கசக்கியது முதலில் விழுகிறது. கனமானது சீக்கிரம் விழும் என்று எழுதியவர்களுக்கு இது ஒத்துவராது. அதன்பின் ஒரு பெரிய கல், ஒரு சின்னக் கல், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஒரே சத்தம்தான் வரும். எல்லாரும் ஒரே நாளில் மனம் மாறமாட்டார்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள். நோட்டில் இருக்கிறதே, பிறகு திரும்பிப் பார்ப்பார்கள்.

நடவுப்பொண்ணு | ஜூன் 14, காலை 7:05

இதே நெல்லு, கருக்கா, பதரை வச்சு உப்புத் தண்ணியையும் செய்துடுங்க டீச்சர். ஒரு வாளித் தண்ணியில நல்ல முட்டையைப் போட்டா அடியில போய் உட்காரும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டிக் கலக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல மேல வந்து எட்டணா அளவுக்குத் தலையைக் காட்டும். அந்தத் தண்ணியில விதை நெல்லைப் போட்டா பொக்கெல்லாம் மிதக்கும், மணியெல்லாம் கீழே. விதை தேர்வு பண்ணுறவங்க செய்யிறது இதுதான், அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிடணும், இல்லேன்னா முளைப்பு கெட்டுடும். அடர்த்தின்னு பேரெல்லாம் ஏழாவதுல சொல்லிக்கலாம். முட்டை மாறல, தண்ணி மாறிச்சு, அது போதும் ஆறாவதுக்கு.

உப்பு எவ்வளவு ஆகும்னு பிள்ளைங்களை எழுதச் சொல்லுங்க, ஸ்பூன் கணக்கு சொல்லுவாங்க. வாளிக்குக் கிலோக்கணக்குல போகும்போது வாயைப் பிளப்பாங்க. செலவு பார்த்தா ஒரு சொம்புத் தண்ணி போதும்.

கடைமடை | ஜூன் 14, காலை 7:40

உப்பு வேணும்னா எங்க ஊருக்கு ஒரு போன் போடுங்க டீச்சர், மூட்டையில அனுப்புறோம். முட்டை நீங்க பார்த்துக்குங்க, சத்துணவு முட்டையில கை வைக்காதீங்க, அது அவிச்சது வேற.

ஒரு_அப்பா | ஜூன் 15, இரவு 9:50

நேற்று என் மகள் இந்த இழையை என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு வீட்டில் நெல் ஊறப்போட்டாள். அவளுக்கு இன்னொரு யோசனை. "ஊறவச்சு வடிக்காம, தண்ணிக்குள்ளேயே விட்டா?" என்று ஒரு டம்ளரில் தண்ணீர் நிறைய ஊற்றி மூடி வைத்திருக்கிறாள். விதை முளைக்கக் காற்று வேண்டும், அதனால் முளைக்காது என்று நான் சொன்னேன். அவள் முளைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறாள். யார் சொல்வது சரி?

என் பழைய கேள்வியும் அப்படியேதான் இருக்கிறது. செய்து பார்ப்பது சரி. தேர்வில் இரண்டு வரி ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டாமா?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 16, காலை 6:30

மகள் பக்கம்தான் காற்றடிக்கிறது சார். நெல் மற்ற விதை மாதிரி இல்லை. தண்ணீருக்குள் காற்று அதிகம் கிடைக்காத இடத்திலும் முளைக்குருத்து வெள்ளையாக, குச்சி மாதிரி மேல் நோக்கி நீளும். வேர் மட்டும் வராது, வந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். குருத்து நீர்மட்டத்துக்கு மேலே எட்டிக் காற்றைப் பிடித்த பிறகுதான் வேர் சரியாக இறங்கும். டம்ளரில் நீர் நிறைய இருந்தால் நாலைந்து நாளில் தெரிந்துவிடும். இன்னொரு டம்ளரில் அதே மாதிரி பச்சைப்பயறைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அது ஊதி, தோல் வெடித்து, நாறிப்போகும்.

விதை முளைக்கக் காற்று வேண்டும் என்ற சோதனையை டெல்டா ஆசிரியர்கள் நெல்லை வைத்துச் செய்துவிட்டு விடை தப்பாக வருகிறதே என்று திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனைக்கு உளுந்தோ பயறோதான். ஆனால் முதலில் பயறைச் செய்து, விதியை எழுதவைத்து, அதன்பிறகு நெல்லைக் கொடுத்தால் வகுப்பு சூடுபிடிக்கும்.

தேர்வுக் கேள்விக்கு நான் செய்தது இது. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் பாடநூலின் பின்பக்க வினாக்களில் எதற்கெல்லாம் இப்போது விடை தெரியும் என்று பிள்ளைகளையே குறி வைக்கச் சொல்வேன். குறி வைத்ததை அவர்கள் சொந்த வாக்கியத்தில் எழுதவேண்டும். குறி விழாதவற்றை மட்டும் நான் நடத்துவேன். நேரம் மிச்சம்தான் ஆகும். அந்த இரண்டு வரி முக்கியம் என்பதில் நான் உங்கள் கட்சி. வாயால் சொல்லத் தெரிந்து எழுத வராத பிள்ளை தேர்வில் தோற்றுப்போவதைப் பார்த்தவன்.

மா_குழி_வேலி | ஜூன் 16, காலை 9:12

ஐயா சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. ஆத்துல அல்லித் தண்டு கிடைச்சா ஒரு சாண் வெட்டி ஒரு முனையைத் தண்ணியில வச்சு மறு முனையில ஊதச் சொல்லுங்க, குமிழி வரும். வெங்காயத்தாமரைக் காம்பைத் தண்ணிக்குள்ள நசுக்கினாலும் அப்படித்தான். நெல்லுப் பயிர் சேத்துல நின்னும் வேர் அழுகாம இருக்கிறதுக்கு உள்ளே இந்த மாதிரி காத்துப் பாதை இருக்கிறதுதான் காரணம். தாவரங்கள் வாழும் உலகம் பாடத்துல நீர்த் தாவரம் வரும்போது உதவும். ஊதும் முன்னாடி தண்டை நல்ல தண்ணியில கழுவிடுங்க, இப்போ உள்ள வாய்க்கால் தண்ணியை நம்ப முடியாது.

ஒரு_அப்பா | ஜூன் 20, இரவு 8:15

முளைத்தது. வேர் இல்லை. பயறு டம்ளரை மனைவி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். மகள் கேட்கிறாள்: வேர் இல்லாமல் குருத்து எதைச் சாப்பிட்டு வளர்கிறது?

நடவுப்பொண்ணு | ஜூன் 20, இரவு 8:40

அரிசியைத்தான் சார். அந்த முளைச்ச நெல்லை நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்க, உள்ளே கெட்டியா இருந்த மாவு பாலா கரைஞ்சிருக்கும். அந்தச் சாப்பாடு தீர்றதுக்குள்ள அது மேல வந்தாகணும்.

குடமுருட்டி | செப்டம்பர் 27, இரவு 9:20

இழையைத் தூசி தட்டுறேன். முதல் பருவம் முடிஞ்சுது. இரண்டாம் பருவத்துல வெப்பம், மின்னியல், அப்புறம் நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள். மின்னியலுக்கு நானே ஒரு விதி போட்டுட்டேன், டார்ச் செல்லைத் தவிர எதையும் தொடக் கூடாது, வீட்டு பிளக்குல கம்பியைச் செருகிப் பார்த்தேன்னு யாராவது சொன்னா பெற்றோரை வரச் சொல்லுவேன்னு.

வெப்பத்துக்குத்தான் கேட்கிறேன். நடவுப்பொண்ணு டீச்சர் நாத்துக் கட்டு உள்ள சூடாகும்னு எழுதியிருந்தீங்க. தாளடிக்கு விதை ஊறப்போடுற வீடு ஒன்னு ரெண்டு இருக்கு. முளைக்கட்டின மூட்டைக்குள்ள கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கும்ல, அதை அளக்க முடியுமா? வீட்டுல இருக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர் போதுமா?

வெண்ணாற்றங்கரை | செப்டம்பர் 27, இரவு 10:05

போதாது. காய்ச்சல் தெர்மாமீட்டர் 35 முதல் 42 டிகிரி வரைக்கும்தான், மூட்டையின் சூடு அதற்குக் கீழேயே நின்றால் ஒன்றும் காட்டாது. பூட்டின ஆய்வகத்தில் நிச்சயம் நீளமான ஆய்வகத் தெர்மாமீட்டர் இருக்கும், தலைமையாசிரியரிடம் கேட்டு எடுங்கள். ஒரே அளவு நெல்லில் இரண்டு சின்ன மூட்டை கட்டுங்கள். ஒன்றில் முளைவிட்ட நெல், ஒன்றில் அவித்து ஆறவைத்த நெல், இரண்டும் ஒரே ஈரம், ஒரே சாக்கு, ஒரே மூலை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வெளியே காற்றின் சூட்டையும் சேர்த்து மூன்று எண் எழுத வேண்டும். அவித்தது வெளிச் சூட்டை ஒட்டியே இருக்கும், உயிருள்ளது ஏறும். ரொம்ப நாள் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் அவித்ததும் சூடாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்பதற்கும், மழையில் நனைந்து குவிந்த நெல் உள்ளே கொதிப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது, பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம்.

கண்ணாடித் தெர்மாமீட்டரை மூட்டைக்குள் குத்தக் கூடாது. ஒரு குச்சியால் வழி செய்துவிட்டு நுழையுங்கள்.

அரசலாறு | கும்பகோணம் | செப்டம்பர் 28, காலை 7:30

நான் வாத்தியார் இல்லைங்க, சுவாமிமலையில சிலை வார்க்கிற பட்டறையில வேலை. இழையை முதல்லேர்ந்து படிச்சுட்டு வர்றேன். மாற்றங்கள் பாடம்னு பார்த்ததும் எழுதத் தோணிச்சு. எங்க வேலை முழுக்க அதுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி உருவம் பிடிக்கிறோம். மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைக்கிறோம். சுட்டா மெழுகு உருகி ஓடி வந்துடும், அதைத் திரும்பப் பிடிச்சு அடுத்த சிலைக்கு வச்சுக்கலாம். மண்ணு மட்டும் சுட்டது சுட்டதுதான், தண்ணியில போட்டாலும் குழையாது, உடைச்சுத்தான் எடுக்கணும். உலோகத்தை உருக்கி ஊத்தினா இறுகுது, வேண்டாம்னா மறுபடி உருக்கலாம். ஒரே அடுப்பு, ஒன்னு திரும்புது, ஒன்னு திரும்பல.

வகுப்புல உலோகம் வேண்டாம். மெழுகையும் களிமண்ணையும் வச்சு செய்யலாம். மெழுகை நேரா அடுப்புல வைக்கக் கூடாது, சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு கிண்ணத்தை வச்சு உருக்குங்க.

குடமுருட்டி | செப்டம்பர் 28, காலை 7:55

அண்ணே, இதைத்தான் தேடிட்டு இருந்தேன். உங்க பட்டறை மெழுகு கொஞ்சம் கிடைக்குமா? கடை மெழுகுவத்தியும் அதுவும் ஒரே மாதிரி உருகுதான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

அரசலாறு | செப்டம்பர் 28, காலை 8:10

அரைக் கிலோ தர்றேன். பள்ளிக்கூடம் திறந்தப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை திருவையாத்துக்கு வர்ற வேலை இருக்கு. சுட்ட அச்சு உடைஞ்சது ரெண்டு துண்டும், சுடாத வண்டல் ஒரு உருண்டையும் சேர்த்து எடுத்துட்டு வரேன். தனிமடல்ல நேரம் சொல்லுங்க.